மலம்புழா ரிசார்ட்டுல ரூம் போட்டு 18,600 ரூபாய் போச்சுங்க

கை இன்னும் நடுங்குது. நேத்து சாயங்காலம் நடந்தது. 18,600 ரூபாய்.

நாங்க கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. சென்னையிலருந்து நாத்தனார் குடும்பம் லீவுக்கு வந்திருக்காங்க. பசங்களுக்கு மலம்புழா பார்க், ரோப்வே. மாமியாருக்கு காமராஜர் 1955ல திறந்து வெச்ச டேமை இன்னொருக்கா பாக்கணும். ரெண்டு நாள் அங்கயே தங்கலாம்னு பேச்சு. சின்ன லாட்ஜ் போதும்னுதான் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான், பெரிய ரிசார்ட்டுக்காரன் பேர் கெடற வேலை பண்ண மாட்டான்னு அடம் பிடிச்சேன். அந்தப் பேரை வெச்சுத்தான் எவனோ கடை விரிச்சிருக்கான்.

மேப்ல ரிசார்ட் பேரைத் தட்டி, அதுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். "சேச்சி"ன்னு ஆரம்பிச்சவன், என் பேச்சைக் கேட்டதும் "சொல்லுங்கக்கா"ன்னு நம்ம தமிழுக்கு மாறிட்டான். மாமியாருக்கு முழங்கால் வலின்னேன். "அப்ப மாடி வேண்டாங்கக்கா, கரண்ட் போனா லிப்ட் நின்னுக்கும். கீழ் ரூமே, பாத்ரூம்ல கைப்பிடி இருக்கறதா பாத்துப் போடறேன்"னான். சத்தியமா சொல்றேன், அந்தக் கைப்பிடியிலதான் நான் விழுந்தேன்.

வாட்ஸப்ல க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் பண்ணா ரிசார்ட் பேர் வரல, யாரோ ஒரு ஆள் பேர். கேட்டேன், கேக்காம இல்ல. "எங்க அக்கவுண்டன்ட்தாங்கக்கா"ன்னான். 13,600 போட்டேன். அரை மணி கழிச்சு டெபாசிட்னு 5,000, கிளம்பறப்ப திரும்ப வந்துரும்னான். அதையும் போட்டேன். முத்திரையோட வவுச்சர் வந்துச்சு. பசங்க அதைப் பிரிண்ட் எடுத்து பிரிஜ்ல ஒட்டி வெச்சு நாள் எண்ணிட்டிருந்தாங்க.

நேத்து ரிசப்ஷன்ல அந்தப் பேப்பரை நீட்டினேன். அந்தப் பொண்ணு கீழ இருந்த போன் நம்பரை மட்டும் பாத்துட்டு, "இந்த மாசம் நீங்க மூணாவது"ன்னா. மூணாவது! தெரிஞ்சும் வாசல்ல ஒரு போர்டு வைக்கல. மேனேஜர் வந்தார். "நம்பர் எங்களுது இல்ல, நாங்க பொறுப்பில்ல." அதே மூச்சுல, இப்ப ரூம் வேணும்னா ஒரு நைட் 9,000ங்கறார். மாமியார் அங்க சோபாவுல உக்காந்து முழங்காலைத் தடவிட்டிருந்தாங்க.

பேங்க்ல கேட்டா "பின் போட்டது நீங்கதானே மேடம்". ஆன்லைன் பண மோசடிக்கு புகார் சொல்ற 1930க்கு அடிச்சேன், புகார் நம்பர் கொடுத்தாங்க. பணம் போட்டு ஆறு நாள் ஆச்சுன்னதும் அந்தப் பக்கம் குரலே இறங்கிருச்சு. அன்னிக்கே சொல்லிருந்தா அவன் கணக்குல இருக்கறப்பவே நிறுத்தி வெக்க வழி இருந்திருக்குமாம். மேப்ல நம்பர் தப்புன்னு எழுதிப் போட்டேன், நன்றின்னு ஒரு மெயில் வந்துச்சு. நன்றியாம்! 18,600க்கு.

எப்படி ஜாக்கிரதையா இருக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஓடல. மேப்ல இருக்கற நம்பரை யார் வேணா திருத்தச் சொல்லி அனுப்பலாம், நம்பாதீங்க. ஆள் பேர் வந்தா காசு போடாதீங்க. போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930. ரெண்டு பஸ் ஏறினா வர்ற ஊரு, நேர்ல போய் ஒரு எட்டு பாத்திருக்கலாம் நான்.

அவன் இப்பவும் ஆன்லைன்லதான் இருக்கான். டிபியில அதே ரிசார்ட்டோட நீச்சல் குளம்.