குட்டைக் குழலும் தட்டைத் தோட்டாவும்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642

1950இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்னும் சிறு ரிவால்வரின் வழியில் வந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து .38 ஸ்பெஷல் வகைத் தோட்டாக்கள் கொள்ளும். அலுமினியக் கலவைச் சட்டகம், 1.875 அங்குலக் குழல், தோட்டா நிரப்பாமல் சுமார் 410 கிராம் எடை. சுத்தியல் சட்டகத்துக்குள் மறைந்திருப்பதால் சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. அந்த வசதிக்கு விலையாக, ஒவ்வொரு முறையும் விசையை நீளமாகவும் கனமாகவும் இழுத்தே சுட வேண்டியிருக்கிறது.

குட்டைக் குழல் என்றாலே குறி தப்பும் என்று பலர் சொல்வதில் பாதிதான் உண்மை. அசையாத தாங்கியில் பொருத்திச் சுட்டால் இத்தகைய ரிவால்வர்கள் வியக்கத்தக்க அளவு நெருக்கமாகத் துளையிடும். பிசகுவது பெரும்பாலும் நம் கைதான். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், அவற்றை ஒருசேர நிறுத்துவதில் நேரும் 1 மில்லிமீட்டர் பிழை 7 மீட்டர் தொலைவில் 7 சென்டிமீட்டர் விலகலாகிவிடும். இதனுடன் கனமான விசையும் சிறிய கைப்பிடியும் சேரும்போது, முதல் நாள் இலக்குத்தாளைப் பார்ப்பவர் துப்பாக்கியைக் குறைசொல்வதில் வியப்பில்லை.

ஆகவே துப்பாக்கியைக் குறைசொல்வதைவிட, அதற்கும் நம் கைக்கும் ஏற்ற தோட்டாவைத் தேர்வதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். தோட்டாவிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டின் எடை மாறினால் துளை விழும் உயரமும் மாறும். எடை குறைந்த, வேகமான குண்டு, பின்னுதைப்பால் குழல்முனை மேலெழுவதற்குள் வெளியேறிவிடுவதால் தாழ்வாகப் படும். கனமான, மெதுவான குண்டு உயரே படும். இந்த வகை ரிவால்வர்களின் அசையாத குறிகள் பொதுவாக 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை என்பதால், 110 கிரெயின் தோட்டாவை வாங்கிவிட்டு ‘கீழே சுடுகிறது’ என்று வருந்துவதில் பொருளில்லை.

பட்டதும் முனை விரிந்து அகலும் விரிமுனைக் குண்டுகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு: அவை விரிவதற்கு வேகம் வேண்டும், குட்டைக் குழலோ அந்த வேகத்தைக் குறைத்துவிடுகிறது. குட்டைக் குழலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெயின் +பி (வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொண்ட) தோட்டா இதற்கு ஒரு நல்ல விடை. ஆயினும் அதிக அழுத்தத் தோட்டாவின் உதைப்பை இந்த எடையில் தாங்கி, இரண்டாவது குண்டையும் குறியில் வைக்க எல்லாராலும் இயலாது. என் தேர்வு, இலக்குச் சுடுதலுக்கென்றே பிறந்த 148 கிரெயின் வாட்கட்டர். தட்டை முகம் கொண்ட இக்குண்டு தாளில் அச்சடித்தாற்போல வட்டத் துளையிடும். விரிவதை நம்பியிராமல் ஆழமாக ஊடுருவும். உதைப்பும் மென்மையாக இருப்பதால் பயிற்சி தண்டனையாகத் தோன்றாது.

எந்தத் தோட்டாவானாலும், நான்கைச் சுட்டபின் ஐந்தாவதை வெளியே எடுத்துப் பாருங்கள். இலகுவான துப்பாக்கியின் உதைப்பில் குண்டு உறையிலிருந்து முன்னே நகர்ந்திருந்தால், அது ஒருநாள் தோட்டாக்கள் அமரும் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழற்சியையே நிறுத்திவிடக்கூடும். அந்த வகையை அப்போதே கைவிடுவது நல்லது.

வாட்கட்டரின் ஒரே தொல்லை, அதன் மொட்டை முகம் அவசரத்தில் உருளைத் துளைக்குள் எளிதில் நுழையாது என்பது. ஆதலால் துப்பாக்கியில் வாட்கட்டரும், பையில் மாற்றுத் தோட்டாக்களை வரிசையாகப் பிடித்துவைக்கும் பட்டையில் கூம்பிய முனை கொண்ட 158 கிரெயின் தோட்டாவும் வைத்துக்கொள்கிறேன்.