மிக்-21 மாடல் கட்டித் தருவதாகச் சொன்னவரிடம் 22,000 ரூபாய் ஏமாந்தேன்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

போர் விமான மாடலைக் கட்டி, பெயின்ட் அடித்து, வீட்டுக்கே அனுப்பித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். நேர்மையாகச் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு வாய்த்தவர் அப்படி இல்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் என்ன நடந்தது, எதைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் பணம் அனுப்பும் முன் இதைப் படித்தால் போதும்.

அப்பா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக இருந்தவர். 1974இல் சேர்ந்தார், தாம்பரத்தில் பயிற்சி, இருபது வருட சர்வீஸ். அதில் பெரும்பகுதி மிக்-21தான். பதான்கோட்டில் பிஸ் என்ற ரகத்தில் வேலை பார்த்தார், கடைசி சில வருடங்கள் தேஜ்பூரில், புது பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்த பழைய எஃப்எல் ரகத்தில். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்த நிகழ்ச்சியை டிவியில் ஆரம்பம் முதல் கடைசி வரை நகராமல் பார்த்தார். 1963இல் முதல் மிக்-21 ஸ்குவாட்ரன் தொடங்கியதும் அதே சண்டிகரில்தான். டிவியை அணைத்த பிறகு, "எங்க கை படாத இடம் அதுல கிடையாதுடா" என்று மட்டும் சொன்னார். தை மாதம் அவருக்கு எழுபது நிறைவு, பீமரத சாந்தி. அன்றைக்கு ஒரு மிக்-21 பிஸ் மாடலை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நானே கட்டியிருக்கலாம். பள்ளி நாட்களில் இரண்டு சின்ன கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டி) செய்ததோடு சரி, பெயின்டைக் காற்றில் தூவி அடிக்கும் ஏர்பிரஷ் என்னிடம் இல்லை. அப்பாவுக்கான பொருளில் என் கைப்பழக்கத்தைச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு நண்பர் மூலம் இந்த ஆள் அறிமுகமானார். அவர் அனுப்பிய படங்கள் பிரமாதமாக இருந்தன. செக் நாட்டு எடுவார்ட் நிறுவனத்தின் 1/48 அளவு (நிஜ விமானத்தில் 48இல் ஒரு பங்கு) மிக்-21 பிஸ், அதுவும் போட்டோ எட்ச் உலோகத் தகடுகளோடு வரும் புரொஃபிபேக் பெட்டியை வாங்கிக் கட்டித் தருகிறேன், விமானப்படை வட்டங்களும் அப்பா வேலை பார்த்த விமானத்தின் எண்ணும் போட்டுத் தருகிறேன் என்றார். மொத்தம் 22,000. முன்பணம் 12,000. அக்டோபர் முதல் வாரத்தில் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டேன், "நம்மகிட்ட எதுக்கு சார் அதெல்லாம்" என்றார். விட்டுவிட்டேன். அது என் முதல் தப்பு.

நவம்பரில் காக்பிட் படம் ஒன்று வந்தது. ரஷ்ய விமானங்களுக்கே உரிய, பச்சையும் நீலமும் கலந்த அந்த நிறம், சீட் பெல்ட், மீட்டர்களில் வெள்ளை முள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒன்றுமே இல்லை. போன் செய்தால் மழை, பெயின்ட் காயவில்லை. அடுத்த முறை கம்ப்ரசர் ரிப்பேர். டிசம்பர் முடிந்தது. விசேஷத்துக்கு நாலு நாள் முன்பு, "ரெடி, பாக்கியை அனுப்பினால் இன்றே கூரியர்" என்று செய்தி. முடிந்த மாடலின் படம் கேட்டேன். "சர்ப்ரைஸா இருக்கட்டும் சார்" என்றார். நாள் நெருங்கிவிட்டது, வேறு வழி தெரியவில்லை, மீதி 10,000 ரூபாயையும் அனுப்பினேன்.

பெட்டி விசேஷத்துக்கு முதல் நாள் மாலைதான் வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். நாளை கொடுக்கலாம் என்று நினைத்தேன், அம்மா இப்போதே கொடு என்றாள். செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்து அப்பா மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் ஒரு நிமிடம் பேசவில்லை. விமானத்தைத் திருப்பி வயிற்றுப் பக்கம் விரலால் தடவினார். "கன் எங்கடா?" என்றார்.

பிஸ் ரகத்தில் வயிற்றுக்கு அடியில் 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. இதில் வழவழப்பாக இருந்தது. அடுத்து இறக்கையைப் பார்த்தார். ஏவுகணை மாட்டும் பைலான்கள் பிஸ்ஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு. இதில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். விமான வேகத்தை அளக்க மூக்கின் மேலே நீளும் பிட்டோ குழாய் பிஸ்ஸில் வலது பக்கமாகத் தள்ளி இருக்கும். இதில் நட்ட நடுவில் இருந்தது, அதுவும் கூரியரில் பாதி உடைந்து. காக்பிட் மூடி பிஸ்ஸில் வலப்புறமாகத் திறக்கும், இதில் முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்து ஒட்டியிருந்தார்கள். முதுகுப் பகுதி ஒல்லியாக இருந்தது. அப்பா மெதுவாகச் சொன்னார்: "இது பிஸ் இல்லடா. தேஜ்பூர்ல ஓட்டினோமே, அந்த எஃப்எல்." உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதனால என்ன, இதுலயும்தான் வேலை பார்த்தேன்" என்றார்.

வாலில் இருந்த எண்ணை அவர் கட்டைவிரல் தொட்டுக்கொண்டிருந்தது. விரலை எடுத்தபோது அதில் கறுப்பு மை ஒட்டியிருந்தது. வீட்டு பிரிண்டரில் அடித்து, மேலே ஒரு பூச்சுகூடக் கொடுக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விசேஷம் முடிந்ததும் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். முதலில் "எல்லாம் மிக்-21தானே சார்" என்றார். எடுவார்ட் பெட்டி எங்கே, மீதமான பாகங்கள் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாராம். கடைசியில் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "யாரு சார் பைலானை எல்லாம் எண்ணிப் பார்க்கப் போறாங்க?" எண்ணிப் பார்க்கத் தெரிந்த மனிதருக்காகத்தான் வாங்கினேன் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று மாலையே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

சென்னையில் முப்பது வருடமாக மாடல் கட்டும் ஒரு பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். மேஜை விளக்குக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய அச்சில் வந்த மலிவான கிட். புது கிட்களில் தகடு இணையும் கோடுகள் பள்ளமாகச் செதுக்கியிருக்கும், இதில் நகத்தால் தடவினால் மேடாகத் தட்டுப்பட்டது. அந்த மேடும் பாதி இடத்தில் இல்லை, பெயின்ட் அவ்வளவு கனம். அந்தப் பெயின்டில் ஒரு பிரஷ் முடி அப்படியே புதைந்து கிடந்தது. ஏர்பிரஷ் வேலை என்றுதான் பணம் வாங்கினார்.

உடற்பகுதி இடது, வலது என்று இரண்டு பாதியாக வரும். அதை ஒட்டினால் முதுகிலும் வயிற்றிலும் நீளமாக ஓர் இணைப்புக் கோடு விழும். உண்மையான விமானத்தில் அந்தக் கோடு கிடையாது. அதற்குப் பட்டி பார்த்து, 400, 800, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்ததில் அழிந்துபோன பள்ளக் கோடுகளைத் திரும்பக் கீற வேண்டும். ஒரு கிட்டில் அதிக நேரம் பிடிக்கும் வேலைகளில் இது ஒன்று என்றார் பெரியவர். இதில் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை, மேலேயே பெயின்ட் போட்டிருந்தார்கள்.

வட்டங்களைச் சாய்த்துக் காட்டினார். காவி, வெள்ளை, பச்சை வளையங்களைச் சுற்றி, டெக்கால் என்ற ஒட்டுப்படப் படலத்துக்கு அடியில் வெள்ளி மாதிரி மினுமினுத்தது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் சொரசொரப்பானது, அதன் மேல் நேராக டெக்கால் வைத்தால் இடுக்கில் காற்று தங்கிவிடும். அதனால்தான் முதலில் பளபளப்பான கிளாஸ் பூச்சு கொடுத்து வழவழப்பாக்கி, டெக்காலை இளக வைக்கும் திரவம் தடவி உட்கார வைத்து, எல்லாம் காய்ந்த பிறகு மேலே மேட் பூச்சு அடிக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் காயும் நேரம் வேண்டும், அவசரப்படுத்த முடியாது. காக்பிட் கண்ணாடி உள்ளே புகை படிந்த மாதிரி வெளுத்திருந்தது. அது சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிப் பாகத்துக்குக் காய்ந்தால் தெளிவாகிவிடும் வெள்ளைப் பசைதான் போட வேண்டுமாம். அந்த வெளுப்புக்குள் எட்டிப் பார்த்தால் காக்பிட் முழுக்கக் கறுப்பு. எனக்கு நவம்பரில் வந்த படத்தின் பச்சை நீலம் எங்குமே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை இணையத்தில் தேடினேன். வேறு ஒரு நாட்டுக்காரர் சில வருடம் முன்பு கட்டிய மாடல் அது.

அந்தப் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெட்டி வந்ததும், ஒரு பாகத்தைக்கூட வெட்டுவதற்கு முன்பு, எல்லா ஸ்ப்ரூக்களையும் மேஜையில் பரப்பி, பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் கையால் எழுதிய தாளை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ப்ரூ என்பது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம். நேர்மையானவருக்கு இது இரண்டு நிமிட வேலை. மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு படம் இதைவிட முக்கியம். அடிப்பூச்சான பிரைமர் அடித்த நிலையில், பெயின்டுக்கு முன்னால், மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த படம். சாம்பல் நிறப் பிரைமரில் எதையும் மறைக்க முடியாது. பட்டி பார்க்காத இணைப்பு, பசை வழிந்த கைரேகை, உப்புத்தாள் கீறல் எல்லாம் பளிச்சென்று தெரியும். ரகம் மாறியிருந்தாலும் அந்தப் படத்திலேயே பிடித்துவிடலாம், பைலான்களை எண்ணுங்கள், வயிற்றைப் பாருங்கள். பணத்தையும் இதோடு சேர்த்துப் பிரியுங்கள்: கிட் விலை மட்டும் முதலில், பிரைமர் படத்துக்குப் பிறகு ஒரு பங்கு, முடிந்த மாடலை வீடியோ காலில் சுற்றிக் காட்டிய பிறகு மீதி. மீந்த பாகங்கள், பெட்டி, செய்முறைப் புத்தகம் மூன்றும் உங்களுக்கே வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

அளவிலும் ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், 1/48க்குப் பணம் வாங்கி 1/72 கொடுப்பது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மிக்-21இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/48இல் அது 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், 1/72 என்றால் 10 சென்டிமீட்டர்தான்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லையே என்று பயந்தேன். ஜிபே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம், "எடுவார்ட் பிஸ்" என்று அவரே எழுதிய வரி அதில் இருக்கிறது. கோபத்தில் எந்தச் செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

அந்த எஃப்எல் மாடலைத் தூக்கிப் போட நினைத்தேன், அப்பா விடவில்லை. எண்ணை மட்டும் துடைத்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். பெரியவர் மூலமாகவே ஒரு பிஸ் கிட் வாங்கினேன், இந்த முறை யாரிடமும் கொடுக்கவில்லை. போன ஞாயிறு ஸ்ப்ரூக்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவிக் காய வைத்தோம். அச்சில் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. அப்பா செய்முறைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வயிற்றுப் பக்கத்துத் துப்பாக்கி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தேடிக் காட்டினார்.