ஓ2 ஹெட்போன் ஆம்ப்: கட்டி ஏழு வருடம் ஆகிறது

ஹெட்போனுக்குப் போகும் ஒலி சிக்னலைப் பெருக்கித் தரும் சின்னப் பெட்டி இது, 2018 தீபாவளி லீவில் நானே பற்றவைத்தது. இன்றும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதில்தான் பாட்டுக் கேட்கிறேன். ஹெட்போனுக்கு இரண்டு முறை காது மெத்தை மாற்றியாயிற்று, லேப்டாப் மாறிவிட்டது, வாடகை வீடும் மாறிவிட்டது. ஆம்ப் மட்டும் அதேதான். கட்டின முதல் வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் பாதிக்கு மேல் பொய்யாக இருந்திருக்கும். தானே பற்றவைத்த பொருள் யாருக்கும் முதல் வாரம் தேவகானமாகத்தான் கேட்கும்.

ஓ2 தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சொந்தப் பெயரைக் கடைசிவரை சொல்லாத ஒரு பொறியாளர் 'என்டபிள்யூஏவிகை' என்ற புனைபெயரில் 2011-இல் வெளியிட்ட டிசைன் இது. முழுப் பெயர் 'அப்ஜெக்டிவ்2'. சர்க்யூட், போர்டு வரைபடம், பாகங்களின் பட்டியல், அளந்து பார்த்த கிராஃப்கள் என எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். செய்யலாம், விற்கலாம், டிசைனை மாற்றி வெளியிடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 2012-இல் எழுதுவதை நிறுத்தினார், அதோடு சரி.

இதற்கு முன்னால் சிமாய் என்ற எளிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று கட்டியிருந்தேன். ஹெட்போன் ஆம்ப் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி சர்க்யூட்), ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதை இரண்டு ரெசிஸ்டரால் பாதியாகப் பிரித்து நடுவைக் கிரவுண்டாக (பூஜ்ஜிய வோல்ட்டாக) வைத்துக்கொள்ளும் தந்திரம். அவ்வளவுதான் விஷயம். எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஓட்டை போடப் போய் இரண்டு டிரில் பிட் மழுங்கியது. என்னுடைய ஹெட்போன் சென்ஹைசர் எச்டி 650, மின்தடை 300 ஓம்; அதற்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் அதிகம் வேண்டும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே தவில் அடி விழும் இடத்தில் கரகரவென்றது. அந்தக் கரகரப்புதான் என்னை ஓ2-வுக்குத் துரத்தியது.

போர்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. ஐந்துக்குக் குறைவாக அச்சிட்டுத் தர மாட்டோம் என்றார்கள், ஐந்தும் வாங்கினேன். மற்றதெல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ரெசிஸ்டர், டயோடு, வோல்ட்டேஜை 12-இல் நிலைநிறுத்தும் ரெகுலேட்டர்களான 7812, 7912 எல்லாம் ஒரே கடையில் முடிந்தது. அடாப்டரில்தான் மாட்டிக்கொண்டேன். ஓ2-வுக்கு டிசி அடாப்டர் ஆகாது. ஏசியாகவே உள்ளே போய், பாசிட்டிவ் பாதி ஒரு ரெகுலேட்டருக்கும் நெகட்டிவ் பாதி இன்னொன்றுக்கும் பிரிந்து, இரண்டு பக்கமும் 12 வோல்ட்டாக நிற்க வேண்டும்.

"ஏசி டு ஏசியா? அப்படி ஒண்ணு கிடையாது சார். அடாப்டர்னா டிசிதான்."

"இருக்குண்ணே, 15 வோல்ட் ஏசி வேணும்."

"யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க சார்."

நாலு கடையில் இதே பேச்சு. ஐந்தாவது கடைக்காரர் சிரித்துவிட்டு, 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து வைத்தார். நடுக் கம்பியும் ஒரு முனைக் கம்பியும் போதும், இன்னொரு முனைக்கு டேப் சுற்றிவிடுங்கள் என்றார். அதைத் தனி டப்பாவில் போட்டு, ஃபியூஸ் வைத்து, நீளமான ஒயரில் ஆம்புக்குக் கொண்டுவந்தேன். பெயருக்குத்தான் அது 15 வோல்ட். ஆம்ப் இழுப்பது கொஞ்சம் மின்சாரம்தான் என்பதால் மீட்டரில் 18-க்கு மேல் காட்டியது; ஃபில்டர் கேபசிட்டரில் டிசியாக 26. அன்று கடையில் '35 இல்லை சார், 25-ஏ போதும்' என்று 25 வோல்ட் கேபசிட்டர்களைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். நல்லவேளை, வாங்கவில்லை.

ஐசி விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்த ஆம்பில் பெருக்குவது என்ஜேஎம்2068 என்ற சிப். ஹெட்போனைத் தள்ளுவது என்ஜேஎம்4556, இரண்டு சிப். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். அவற்றை 1 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையாகச் சேர்த்து ஒரு சேனலுக்கு (இடது அல்லது வலது) ஒரு சிப் என்று டிசைன் செய்தவர் கொடுத்திருக்கிறார். அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் வெளிவாயில் இருக்கும் மின்தடை) அரை ஓம் பக்கம் வந்துவிடுவதால் 16 ஓம் இயர்போன் போட்டாலும் பிரச்சினை இல்லை. எளிமையான யோசனைதான், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. நான் வாங்கின 4556 சிப்பின் மேலே அச்சு மட்டும் பளபளவென்று இருந்தது. மாட்டி, ஹெட்போன் சொருகாமல், அவுட்புட்டில் மீட்டர் வைத்தேன். இடது பக்கம் 3 மில்லிவோல்ட், வலது பக்கம் 61. தொட்டால் வலது சிப் சுட்டது. கட்டுகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மீட்டரில் டிசி பார்க்காமல் ஹெட்போனைச் சொருகாதீர்கள். ஒற்றை இலக்க மில்லிவோல்ட் என்றால் நிம்மதி. வேறு இடத்தில் சிப் வாங்கினேன். சிப்பைவிடக் கூரியர் செலவு அதிகம். இரண்டு பக்கமும் 3-க்கு வந்தது. மொத்தம் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம் ஆனது. வீட்டில் கேட்டபோது மூவாயிரம் என்று சொன்னேன்.

முதல் மாதமே ஒரு கூத்து. முன்பக்கம் கெயின் பட்டன் (எத்தனை மடங்கு பெருக்குவது என்பதற்கு) உண்டு: வெளியே இருந்தால் 2.5 மடங்கு, அழுத்தினால் 6.5. அழுத்திப் பார்த்தேன். வால்யூம் நாப் கடிகாரத்தின் எட்டு மணி நிலையில், சத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குரல் கிழிந்த பேப்பர் மாதிரி வருகிறது. பற்றவைத்ததில் எங்கேயோ கோளாறு என்று நினைத்து இரண்டு ராத்திரி எல்லா முனையையும் திரும்பச் சூடுபடுத்தினேன். கோளாறு எனக்குள்தான் இருந்தது. பல ஆம்ப்களில் சிக்னல் முதலில் வால்யூமுக்குப் போய் அப்புறம் பெருகும். ஓ2-வில் பெருக்கிய பிறகுதான் வால்யூம். இதனால் வால்யூமைக் குறைத்தால் பெருக்குகிற இடத்தின் இரைச்சலும் சேர்ந்து குறையும். ராத்திரி மெதுவாகக் கேட்கிறவனுக்கு அது பெரிய லாபம். ஆனால் என் டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றி ஆம்புக்குக் கொடுக்கும் கருவி) வெளியே தருவது 2 வோல்ட். 6.5 மடங்கு என்றால் 13. இந்த ஆம்பின் கூரையோ 7 வோல்ட். வால்யூம் நாபை நான் தொடுவதற்கு முன்பே சிக்னல் கூரையில் தலையை இடித்துக்கொண்டிருந்தது.

சரி செய்வது சுலபம். 6.5-க்கான 274 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 கே போட்டேன், 1 கே இருந்த இடத்தைக் காலியாக விட்டேன். இப்போது 2.5 அல்லது 1 மடங்கு. ஏழு வருடத்தில் 2.5-க்கு மேல் தேவைப்பட்டதே இல்லை. டாக்கிலிருந்து கொடுக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே இப்படிக் கட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது மழைக்காலத்தில் வந்தது வேறு நோய். ஐப்பசி மழை பிடித்து மூன்றாம் நாள், பாட்டு நடுவில் 'தொப்'பென்று நின்றது, விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம் கழித்துத் தானாக வந்தது. வெயில் அடித்த நாளில் ஒழுங்காக ஓடியது, மழை வந்தால் மறுபடி அதே கதை. ஓ2 இரண்டு 9 வோல்ட் சார்ஜபிள் பேட்டரியிலும் ஓடும். ஒன்று முன்னால் செத்துப்போனால் ஹெட்போனுக்கு டிசி போய்விடக் கூடாது என்று, வோல்ட்டேஜ் இறங்கினதும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துண்டிக்கும் காவல் சர்க்யூட் ஒன்று உள்ளே இருக்கிறது: வோல்ட்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கம்பேரேட்டர், சுவிட்ச்சாக வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட். அந்த இடத்தில் மெகா ஓம் கணக்கில் ரெசிஸ்டர்கள். போர்டைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் தாராளமாகத் தடவியிருந்த சால்டரிங் பேஸ்ட், மாஸ்ஃபெட் கால்களுக்கு நடுவே பழைய வெல்லப்பாகு மாதிரி படிந்து, ஈரத்தில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மெகா ஓம் பக்கத்தில் அந்தப் பிசுக்கே ஒரு ரெசிஸ்டர்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பத்து நிமிடம். அதற்கப்புறம் எந்த மழைக்கும் நிற்கவில்லை. டப்பா பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளேயே ரோசின் இருக்கும் ஈயக்கம்பி மட்டும் வைத்துக்கொண்டேன்.

பேட்டரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் சார்ஜிலேயே கிடந்ததால் முதல் ஜோடி இரண்டு வருடத்தில் போயிற்று, அடுத்த ஜோடி அதற்கும் முன்னால். இப்போது பேட்டரி இல்லாமலே ஓடுகிறது. நாலாவது வருடம் வால்யூம் பாட் (நாபுக்குப் பின்னால் சுழலும் ரெசிஸ்டர்) கரகரத்தது. கிளீனர் அடித்து ஆறு மாதம் ஓட்டிவிட்டு மாற்றினேன். பழையதைப் பிடுங்கும்போது அவசரப்பட்டதில் போர்டின் செம்புப் பட்டை ஒன்று கூடவே உரிந்து வந்தது. வெட்டிப் போட்ட ரெசிஸ்டர் கால் ஒன்றை வைத்துப் பாலம் போட்டிருக்கிறேன். அசிங்கமாக இருக்கும், வேலை செய்கிறது. பாட் எதுவானாலும் ஆரம்பப் புள்ளிக்குப் பக்கத்தில் இடது வலது சமமாக இருக்காது; ரொம்ப மெதுவாகக் கேட்டால் பாடகர் லேசாக இடது பக்கம் நகர்ந்து உட்கார்வார். கெயினை 1-க்கு மாற்றினால் நாபைக் கொஞ்சம் ஏற்றலாம், அவரும் நடுவுக்கு வந்துவிடுவார்.

சத்தம் எப்படி என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? பட்டு, தேன், மேடை அகலம் என்றெல்லாம் என்னால் எழுத முடியாது. நண்பர் ஒருவர் நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கின ஆம்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தார். 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மீட்டரை வைத்து இரண்டின் அவுட்புட்டையும் ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்தினோம். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண். கொஞ்சம் சத்தமாக இருப்பதைக் காது 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். நான் முதுகைத் திருப்பி உட்கார, அவர் மாற்றி மாற்றிச் சொருகினார். 16 முறையில் 9 சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வந்திருக்கும். அவர் 8. காபி குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பினார்.

அதே கத்தி என் பக்கமும் வெட்டும். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும் என்கிறது கம்பெனிக் கணக்கு. போனில் சொருகும் ஆயிரம் ரூபாய் டாங்கிள் (ஹெட்போன் ஜாக் தரும் குட்டி அடாப்டர்) ஒன்று அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடும். நான் ராத்திரி கேட்கும் அளவில் அதற்கும் ஓ2-வுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெதுவாகப் பதிவான பழைய கச்சேரிகளில் நாபைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப இடம் இருக்கிறது, அவ்வளவுதான் லாபம். ஒலிக்காக மட்டும் ஆம்ப் தேடுகிறவர்கள் முதலில் டாங்கிள் வாங்கிப் பாருங்கள். பற்றவைக்கப் பிடிக்கும் என்றால்தான் இந்தப் பக்கம் வரவேண்டும். இன்னொன்று: 80களின் சினிமாப் பாட்டில் 'ஸ்ஸ்' என்று கேட்டு ஆம்பைச் சந்தேகித்தே நான் ஒரு மாதம் கழித்தேன். பாட்டு முடிந்ததும் அதுவும் நின்றுவிட்டது. ஒலிநாடாவின் இரைச்சல் அது. சிமாயில் இருந்தபோது காதில் விழாதது, இதில் விழுந்தது.

ஐந்து போர்டில் ஒன்று ஓடுகிறது, ஒன்று நண்பருக்குப் போயிற்று (ஆம், அதே நண்பர்தான்), ஒன்று பழகுவதற்காகப் பற்றவைத்துப் பாழானது. மிச்சம் இரண்டில் ஒன்றை மச்சான் மகன் கேட்டிருக்கிறான், பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். பாகங்களை அவனே போய் வாங்கட்டும் என்று பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் நான் வாங்கி வைத்துவிட்டேன். அந்த நாலு கடையிலும் அவன் போய் நிற்க வேண்டாம்.