புது சைலன்சர் மாட்டியும் கசிகிறதா? பேக்கிங், பேஸ்ட், கிளாம்ப், வெல்டிங்: எதற்கு எது?

புது சைலன்சரோ நடுக் குழாயோ மாட்டிய மறுநாளே வண்டிக்கு அடியில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், வாங்கிய பாகத்தைத்தான் முதலில் திட்டுகிறோம். ஆனால் புது பாகத்திலேயே ஓட்டை இருப்பது அபூர்வம். பழையதும் புதியதும் சேரும் மூட்டில்தான் பெரும்பாலும் கசியும். இதற்கு வழி கேட்டால் சென்னையில் இடத்துக்கு இடம் பதில் மாறும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை கடையில் மூட்டில் தடவி அடைக்கும் பேஸ்ட் டியூப் கிடைக்கும். புதுப்பேட்டையில் "ஒரு வெல்டு வச்சிடலாம் சார்" என்பார்கள்.

என்னைக் கேட்டால் முதல் வாய்ப்பு பேக்கிங்குக்கு, அதாவது மூட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் அடைப்புக்கு. ஒருமுறை போல்ட் இறுகி நசுங்கிய பேக்கிங், கழற்றி மாட்டினால் மறுபடி சரியாக உட்காராது. புது பாகம் போடும்போது பழைய பேக்கிங்கையே திரும்ப வைப்பதால் வரும் கசிவுகள்தான் அதிகம். குனிந்து பார்த்தால் மூட்டின் ஓரத்தில் விசிறி போலக் கரி படிந்திருக்கும். கசியும் இடம் அதுதான். அங்கே ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங் துணுக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்காமல் புதியதை வைத்தால் பணம் வீண். போல்ட்களையும் ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அதற்கு முன்னால் சைலன்சரை அதன் ரப்பர்களில் தொங்கவிட்டுவிட வேண்டும். இல்லையென்றால் குழாயின் எடை முழுவதும் மூட்டை இழுக்கும், எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டி என்றால் போல்ட் துருப்பிடித்திருக்கும். அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பேஸ்ட் மோசமான பொருள் இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் மூட்டில், மாட்டுவதற்கு முன்பே உள்ளே தடவி, மேலே கிளாம்ப் போட்டால் நன்றாக வேலை செய்யும். கசிந்த பிறகு வெளியே அப்பினால் சூட்டிலும் அதிர்விலும் வெடித்து உதிர்ந்துவிடும். வீட்டில் இருக்கும் சாதாரண சிலிகான் சீலன்டைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். இன்ஜினை ஒட்டிய பகுதியின் சூட்டை அது தாங்காது, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் கெட வாய்ப்பு உண்டு.

கிளாம்பில் யூ வடிவத்தைவிட அகலப் பட்டை வகை மேல். யூ கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வெல்டிங்கை நான் கடைசியில் வைப்பேன். குழாயே விரிசல் விட்டிருந்தாலோ துருவில் ஓட்டை விழுந்திருந்தாலோ அதுதான் சரியான வழி. போல்ட் மூட்டை வெல்டு வைத்து மூடினால், அடுத்த முறை கழற்ற வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒருவேளை வண்டியிலேயே வைத்து வெல்டு செய்வதாக இருந்தால், பேட்டரியைக் கழற்றச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ போனால் செலவு சைலன்சரோடு நிற்காது.

எதைச் செய்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முதல் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் அந்த வழியாக வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்ல, இசியூ கூடுதலாக ஊற்றும். மைலேஜ் இறங்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும். அதைவிடப் பெரிய கவலை கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாமோ வருஷம் முழுக்கக் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு கத்திப்பாரா நெரிசலில் நிற்கிறோம். வண்டிக்குள் தலைவலியோ தலைச்சுற்றலோ வந்தால் கண்ணாடியை இறக்கி, ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். குழந்தைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பியே ஆக வேண்டும்.

சோதனை சுலபம். காலையில் குளிர்ந்த இன்ஜினை வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே மூட்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வரும் இடம்தான் கசிவு. புது பேக்கிங் போட்டும் குமிழி வந்தால் மூட்டின் முகம், அதாவது பேக்கிங் உட்காரும் தட்டையான பகுதி, வளைந்திருக்கலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்தால் இடைவெளி தெரிந்துவிடும். புது பாகத்தின் முகமே வளைந்திருந்தால் கடையில் மாற்றிக் கேளுங்கள், பழைய பக்கம் என்றால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம்.