ஆரக்கிளின் ஜாவாவா, ஓப்பன்ஜேடிகேயா, வேறு மொழியா? காரைக்குடியிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையின் முன்னறையில், எங்கள் சிறு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த பில் போடும் மென்பொருள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது; அதை ஓட்ட, கணினியில் ஜாவாவின் இயக்க மென்பொருளும் இருக்க வேண்டும். பட்டறையில் 25 பேர் வேலை செய்கிறார்கள்: கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறவர்கள், கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறவர்கள், எடுத்து உலர்த்துகிறவர்கள், வண்டியில் ஏற்றுகிறவர்கள். இவர்களில் கணினியைத் தொடுபவர் ஒருவர்தான். ஆரக்கிள் நிறுவனம் 2023 ஜனவரியில் கொண்டுவந்த கட்டண முறைப்படி ஜாவாவுக்குச் சந்தா எடுப்பதென்றால், ஜாவாவைப் பயன்படுத்துபவர் எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை முழுவதுமே கணக்கு. பகுதிநேர ஊழியரும் தற்காலிக ஊழியரும்கூட அதில் அடக்கம். 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு அன்று அறிவித்த பட்டியல் விலை தலைக்கு மாதம் 15 டாலர். 25 பேருக்கு ஆண்டுக்கு 4,500 டாலர் ஆகிறது. இதைச் சொன்னபோது பட்டறை உரிமையாளர் கேட்டார்: "கம்ப்யூட்டர் ஒண்ணுதானே தம்பி இருக்கு. கல்லு காயவைக்கிற பொம்பளைகளையும் எதுக்குக் கணக்குல சேக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. 2018-இல் இதே நிறுவனம் விற்ற சந்தாவில் மேசைக் கணினிப் பயனர் ஒருவருக்கு மாதம் 2.50 டாலர் என்றிருந்தது. அந்தக் கணக்கில் இந்தப் பட்டறைக்கு ஆண்டுக்கு 30 டாலர்தான் வந்திருக்கும். மொழி அதே மொழி, நிரல் அதே நிரல். விலை போடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே இங்கே விஷயம், அந்த உரிமை ஒரு நிறுவன விற்பனையில் கைமாறியது. ஆகவே அந்த விற்பனையில் எது போயிற்று, எது போகவில்லை என்று பிரித்துப் பார்க்காமல், நம் முன்னே உள்ள வழிகளை ஒப்பிட முடியாது.

ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை சுமார் 740 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஆரக்கிள் 2009 ஏப்ரல் 20 அன்று அறிவித்தது; 2010 ஜனவரி 27 அன்று கொள்முதல் நிறைவடைந்தது. அதோடு ஜாவா என்ற பெயரின் வணிகக்குறி, மூலநிரலின் பதிப்புரிமை, காப்புரிமைகள், ஒரு வெளியீடு உண்மையிலேயே ஜாவாதானா என்று சான்றளிக்கும் சோதனைத் தொகுப்பு, இவற்றையெல்லாம் எழுதிய பொறியாளர்களின் சம்பளப் பட்டியல் ஆகிய அனைத்தும் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. சன் நிறுவனம் 2006 நவம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டுக்குள் ஜாவாவின் பெரும்பகுதி மூலநிரலை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டிருந்தது. அப்படிக் கொடுத்த அனுமதியை, பின்னால் வாங்கியவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நகரத்தார் வீடு கட்டிய ஊர்களில் ஊருணியும் வெட்டினார்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் ஒரு வீடு பங்காளிகளிடமிருந்து வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கைமாறலாம். தேக்குத் தூண்களும் நிலைக்கதவும்கூட விலைக்குப் போகலாம். தெருவுக்கு அப்பால் இருக்கும் ஊருணித் தண்ணீர் அந்தப் பத்திரத்தில் வராது. ஆனால் தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எப்போதும் இருக்கும், அதில்தான் இந்த ஒப்பீட்டின் சிக்கலான பகுதியும் இருக்கிறது.

வாங்கியபின் நடந்தவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கின்றன. ஜாவாவின் தந்தை என்று அறியப்படும் ஜேம்ஸ் காஸ்லிங் 2010 ஏப்ரலிலேயே வெளியேறினார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில், ஆண்ட்ராய்டில் ஜாவாவின் இடைமுக வரையறைகளை (நிரல்கள் ஜாவாவின் நூலகங்களை அழைக்கும் முறையைச் சொல்லும் வரிகளை) பயன்படுத்தியதற்காக ஆரக்கிள் கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது. ஏறத்தாழ 11,500 வரிகளைப் பற்றிய அந்த வழக்கு 2021 ஏப்ரலில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்ற பெரும்பான்மையில், கூகுள் செய்தது நியாயமான பயன்பாடே என்ற தீர்ப்புடன் முடிந்தது. பத்தாண்டுக்கு மேல் ஒரு மொழியின் தலைக்குமேல் வழக்கு தொங்கியதற்கிடையே நடந்த மாற்றத்தை எங்களைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்தோம்: ஆண்ட்ராய்டுக்கு எழுதக் கற்கும் மாணவர்களிடம் இன்று கோட்லின் மொழிக்கே முதல் இடம். 2010 டிசம்பரில், திறமூல மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளை ஜாவாவின் தர நிர்ணயக் குழுவிலிருந்து விலகியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சோதனைத் தொகுப்பை நிபந்தனையின்றித் தர மறுத்த அந்தப் பூசல் சன் காலத்திலேயே தொடங்கியது. அதற்குப் புதிய உரிமையாளரை மட்டும் குறை சொல்வது சரியாகாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தபின் ஜாவா 7 வருவதற்கு 2011 ஜூலை ஆயிற்று. ஏறத்தாழ நான்கரை ஆண்டு மொழி அசையாமல் கிடந்தது. அதில் பெரும்பகுதி ஜாவா சன் நிறுவனத்திடம் இருந்த காலம். அதன்பின் 2014-இல் லாம்டா என்னும் சுருக்கமான எழுத்துமுறையுடன் ஜாவா 8 வந்தது, 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்கு வந்தது, முன்பு காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்த, ஓடும் நிரலின் நடத்தையைப் பதிவுசெய்யும் ஃப்ளைட் ரெக்கார்டர் ஜாவா 11-இல் திறமூலமாயிற்று, 2023-இல் ஜாவா 21, ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட உதவும் மெய்நிகர் இழைகளைக் கொண்டுவந்தது. ஊருணியைத் தூர்வாருவதில் பெரும்பங்கு இன்றும் ஆரக்கிளின் ஊழியர்கள் செய்வதுதான். இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் எந்த ஒப்பீடும் நேர்மையானதாக இருக்காது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

ஆரக்கிள் ஜேடிகேயிலேயே, அதாவது ஆரக்கிள் தானே தொகுத்து வெளியிடும் ஜாவா மென்பொருளிலேயே, இருப்பது முதல் வழி. இது முற்றிலும் கட்டணத்துக்கு உட்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. 2021 செப்டம்பரில் வந்த ஜாவா 17 முதல், நீண்டகால ஆதரவுள்ள ஒரு பதிப்பை, அடுத்த நீண்டகாலப் பதிப்பு வெளிவந்து ஓராண்டு ஆகும்வரை, வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதன்படி ஜாவா 17-க்கான இலவசக் காலம், 2023 செப்டம்பரில் ஜாவா 21 வந்து ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பரில் முடிந்தது. ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை தவறாமல் பதிப்பை உயர்த்திக்கொண்டே இருக்கும் நிறுவனத்துக்குச் செலவில்லை. மதுரையிலும் சென்னையிலும் சர்வர் வைத்து, அதைக் கவனிக்கத் தனியாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு இது நடக்கிற காரியம். காரைக்குடியைச் சுற்றி நாற்பது ஐம்பது கடைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கணினி என்று பரந்து கிடக்கும் எங்கள் வேலைக்கு இது நடக்காது. ஒரு கடையைத் தவறவிட்டாலும் அங்கே பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோகும், அல்லது உரிமம் மாறிப்போகும். அந்த இலவச உரிமத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: மாற்றாமல் மறுவிநியோகம் செய்யலாம், ஆனால் அதற்கோ, அதைச் சேர்த்து விற்கும் பொருளுக்கோ கட்டணம் வாங்கக்கூடாது. நாங்கள் விற்கும் மென்பொருளோடு ஜாவாவையும் சேர்த்தே நிறுவிக் கொடுக்கிறோம். அந்த நிபந்தனை எங்களுக்கு ஒத்துவராது.

ஜாவா 8-இல் நின்றுவிட்டவர்கள் நிலை இன்னும் கவனத்துக்குரியது. 2019 ஜனவரியில் வந்த 8யு202 (ஜாவா 8-இன் 202-ஆம் புதுப்பிப்பு) தான் பழைய இலவச உரிமத்தின் கீழ் வந்த கடைசி வெளியீடு. ஏப்ரலில் வந்த 8யு211 முதல் உரிமம் வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கும் நிரல் எழுதிப் பார்ப்பதற்கும் காசில்லை, கடையில் வைத்து வியாபாரம் செய்வதென்றால் சந்தா வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் கடை ஒன்றில், திரையில் வந்த புதுப்பிப்புச் செய்தியை ஊழியர் நல்லெண்ணத்தோடு ஏற்றுக்கொண்டதில் அந்த எல்லை தாண்டப்பட்டிருந்தது. நாங்கள்தான் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி ஓப்பன்ஜேடிகே. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் உள்ள அதே மூலநிரலைப் பலர் தொகுத்து வெளியிடுகிறார்கள்: எக்லிப்ஸ் அறக்கட்டளையின் டெமுரின், 2018-இல் அறிவிக்கப்பட்ட அமேசானின் கொரெட்டோ, அசூலின் ஜூலு, பெல்சாஃப்டின் லிபெரிகா, மைக்ரோசாப்டின் வெளியீடு. உபுண்டு இயங்குதளத்தில் இருப்பவர்களுக்கு அதன் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. அந்த உரிமத்தில் வகுப்புப்பாதை விலக்கு என்ற ஒரு பிரிவு இருப்பதால், இதன் மேல் ஓடும் நம் சொந்த நிரலின் மூலத்தை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஊழியர் எண்ணிக்கை என்ற பேச்சே எழாது. டெமுரின் உள்ளிட்ட முக்கிய வெளியீடுகள் ஜாவாவின் சோதனைத் தொகுப்பில் தேறியவை.

பேச்சில் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்; பட்டறை மேசையில் வேறுபாடு தெரிந்தது. ஜாவா 8-இல் ஆரக்கிளின் வெளியீடு எழுத்துருவை வரையத் தனக்கே உரிய மூடிய நிரல்பகுதியைப் பயன்படுத்தியது. ஓப்பன்ஜேடிகே ஃப்ரீடைப் என்ற திறமூல நூலகத்தைப் பயன்படுத்தியது. மாற்றிய முதல் நாள் அச்சிட்ட பில்லில் "பூக்கோலம் 10x10, சிவப்பு" என்ற வரி ஓரிரு எழுத்தளவு நீண்டு, சதுர அடிக் கட்டத்தின் கோட்டைத் தொட்டது. கட்டத்தின் அகலத்தை மாற்றி அரைமணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம். தமிழில் அச்சிடும் எவரும் இதைச் சோதிக்காமல் மாறக்கூடாது. ஜாவா 9 முதல் எழுத்துகளைக் கோக்கும் பொறுப்பு ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்துக்கு மாறியிருப்பதால், 8-இலிருந்து மேலே போகிறவர்கள் "கொ", "கௌ", "ஸ்ரீ" போன்றவற்றை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு விடுபாடு, நிரலின் திரைகளை வரைய உதவும் ஜாவாஎஃப்எக்ஸ் நூலகம். அது ஜாவா 11-இலேயே தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. டெமுரினில் அது இராது, லிபெரிகாவின் முழுத் தொகுப்பிலும் ஜூலுவின் ஒரு தொகுப்பிலும் சேர்த்தே வரும். மைக்ரோசாப்டின் வெளியீடு 11-இலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் 8 வேண்டியவர்களுக்கு அது உதவாது.

இந்த வழியின் குறை, முன்பே சொன்ன தூர்வாரும் பணிதான். நாளைக்கே ஆரக்கிள் பொறியாளர்களைக் குறைத்தால் இந்த வெளியீடுகள் அனைத்தும் பாதிக்கப்படும். ரெட் ஹேட், அமேசான், அசூல், எஸ்ஏபி, மைக்ரோசாப்ட் எல்லாம் ஆள் போட்டு வேலை செய்கிறார்கள் என்பதால் ஊருணி வறண்டுவிடும் என்று நான் அஞ்சவில்லை, வேகம் குறையலாம்.

மூன்றாவது வழி மொழியையே விட்டுவிடுவது. கோபத்தில் முதலில் தோன்றுவது இதுதான், என் கூட்டாளியும் இதையே சொன்னார். கோட்லினுக்குப் போனால் சர்வரிலும் மேசைக் கணினியிலும் அது பெரும்பாலும் ஜாவாவின் இயக்கச் சூழல்மேல்தான் ஓடும்; எந்த ஜேடிகே என்ற கேள்வி அப்படியே நிற்கும். சி ஷார்ப் மொழி இன்று எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் திறமூலமாக இருக்கிறது, ஆனால் அதன் வண்டியை இழுப்பது மைக்ரோசாப்ட் என்ற ஒரே நிறுவனம். கோ மொழிக்குக் கூகுள். உரிமையாளரை மாற்றிக்கொள்வதற்காக ஒன்றரை லட்சம் வரிகளைத் திரும்ப எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பைத்தான் மட்டும் வேறு வகை. 2001-இல் தோன்றிய லாபநோக்கற்ற அறக்கட்டளை அதைக் காக்கிறது. அதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் 2008-இல் பைத்தான் 3 வந்து, 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-க்கு ஆதரவு நிறுத்தப்பட்டபோது, எழுதிய நிரலையெல்லாம் திருத்த வேண்டிய சுமை நிரலாளர்கள் தலையில்தான் விழுந்தது. நான் 2005-இல் எழுதிய ஜாவா வகுப்புகள் சில இன்றும் ஒரு வரிகூட மாறாமல் ஓடுகின்றன. உரிமையாளர் இல்லாமை ஒரு வகைப் பாதுகாப்பு என்றால், பழையதை முறிக்காமை இன்னொரு வகை. சிறு ஊரில், சிறு தொகைக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவனுக்கு இரண்டாவதுதான் அதிகம் சோறு போடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அழகப்பா கல்விக்கூடங்களிலிருந்து எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் பைத்தானையும் ஜாவாவையும் சேர்த்தே கற்கச் சொல்கிறேன்.

அதே கொள்முதலில் கைமாறிய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மான்டி வைடீனியஸ் 2009-இலேயே மரியாடிபி என்ற கிளையைப் பிரித்தார். அந்தக் கிளையின் நிறுவனமும் 2024-இல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. மரியாடிபி அறக்கட்டளை தனியே நிற்கிறது. கிளை பிரிவதாலேயே விற்பனை ஆபத்து நீங்கிவிடாது. எங்கள் கடைகளில் புதிதாக நிறுவும் இடங்களில் எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லாத போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தை வைக்கிறோம். பழைய இடங்களைக் கலைக்கவில்லை.

எனவே பழைய நிரல்களுக்கு இரண்டாவது வழி என்று முடிவெடுத்தோம். 8 வேண்டிய கடைகளுக்கு டெமுரின் 8, ஜாவாஎஃப்எக்ஸ் திரை உள்ளவற்றுக்கு லிபெரிகாவின் முழுத் தொகுப்பு, புதியவற்றுக்கு டெமுரின் 21. ஒவ்வொரு கணினியிலும் கட்டளைத் திரையைத் திறந்து பதிப்பைக் கேட்கிறோம். முதல் வரி "ஓப்பன்ஜேடிகே" என்று தொடங்கினால் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறோம். "ஜாவா" என்று தொடங்கினால் அது ஆரக்கிளின் வெளியீடு, உட்கார்ந்து மாற்றுகிறோம். ஆத்தங்குடிப் பட்டறையில் மாற்றி முடித்து, பூக்கோலக் கல்லுக்கு ஒரு பில் அடித்துக் கொடுத்தோம். உரிமையாளர் அதை வெளிச்சத்தில் பிடித்து, கட்டங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எளுத்து கொஞ்சம் மெலிஞ்சிருக்கு தம்பி, ஆனா பளிச்சுனு தெரியுது" என்றார். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இன்னும் பதினொரு கடைகள் பாக்கி.