துறைமுகத்தில் டிஜிட்டல் வாக்கி டாக்கி: மூன்றாண்டு அனுபவமும், காணாமல் போகும் அந்த முதல் சொல்லும்

பழுது பார்க்கப் போயிருந்த என் செட் சென்ற வாரம் திரும்பி வந்தது. அதே நாளில் வேறொரு துறைமுகத்தின் தீயணைப்புப் பிரிவில் இருக்கும் நண்பர், "நாங்களும் டிஜிட்டலுக்கு மாறப் போகிறோம், கேட்வேயும் சேர்த்து வாங்கலாமா?" என்று கேட்டார். கேட்வே என்பது ஒரு வகை வானொலி செட்டில் வரும் குரலை வேறு வகை செட்டுக்குக் கடத்தும் பெட்டி. தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

முன்பு எங்கள் பிரிவுக்கு ஓர் அலைவரிசை, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்கு இன்னொன்று, உதவிக்கு வரும் மாநிலத் தீயணைப்பு வண்டிகளுக்கு வேறொன்று, கப்பல்களுக்கும் அவற்றை இழுத்துத் தள்ளும் டக் படகுகளுக்கும் கடல்சார் வி.எச்.எஃப். (கப்பல்கள் பேசப் பயன்படுத்தும் வானொலி) என்று தனித்தனியாக இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் நான்கு செட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றில் கேட்டதை மற்றொன்றில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை கோபுரத்துக்குள் இருந்த தீயணைப்பு வீரர்களின் செட்டுகளுக்கு நேரடியாகப் போகவில்லை என்பதைப் பயிற்சியில் படித்தபோதெல்லாம், எனக்கு எங்கள் கட்டுப்பாட்டு அறை மேசைதான் நினைவுக்கு வரும்.

அந்த மேசையை இந்த டிஜிட்டல் அமைப்பு காலி செய்தது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றிலேயே இரண்டு உரையாடல்கள் தனித்தனியாக நடக்கின்றன. ஒருவர் பேசினால் அனைவருக்கும் கேட்கும்படி எல்லாப் பிரிவினரும் ஒரே பேச்சுக் குழுவில் சேர முடிகிறது. பன்னிரண்டு மணி நேரப் பணி முடியும்வரை மின்கலம் தாங்குகிறது. கப்பல் நிற்கும் பெர்த்தில் ஹோஸ் பிடித்து நிற்பவர், கேட்வே வழியாக, டக் மாஸ்டரிடம் நேராகப் பேசுகிறார். முதல் முறை அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆனால் முதல் சொல் போய்ச் சேர்வதில்லை. பொத்தானை அழுத்தியதும் செட் ரிப்பீட்டரை (குரலை வாங்கி வலுவாக மீண்டும் அனுப்பும் நிலையத்தை) எழுப்பி, பேச இடம் பெற்று, 'பீப்' ஒலி தந்த பிறகுதான் குரல் போகத் தொடங்கும், அதற்குப் பழகிவிடலாம். குரல் கேட்வேயைக் கடக்கும்போதோ, அந்தப் பெட்டி ஒலி வந்திருப்பதை உணர்ந்து எதிர்ப்பக்கத்து வி.எச்.எஃப். செட்டை இயக்க மேலும் ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது தாமதத்துக்கு 'பீப்' கிடையாது. ஆகவே எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து பேசினாலும் தொடக்கம் அறுபடுகிறது.

ஓர் ஒத்திகையில், கப்பல் தளத்தில் ஆட்கள் ஏறிவிட்டதால் எங்கள் அலுவலர் டக்குக்கு "ஸ்டாப் வாட்டர்" என்றார். படகில் கேட்டது "வாட்டர்" மட்டும். அவர்கள் மானிட்டரை (தண்ணீர் பீய்ச்சும் பீரங்கியை) இன்னும் திறந்துவிட்டார்கள். ஒத்திகை என்பதால் ஆட்கள் நனைந்ததோடு போயிற்று, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு, தமிழ் தெரிந்தவர்களுக்குள் "தண்ணீரை நிறுத்துங்கள்" என்றே சொல்வது என்று வைத்துக்கொண்டோம். வினை கடைசியில் வருவதால் முதல் சொல் போனாலும் கட்டளை பிழைத்துக்கொள்கிறது. பல மாநிலத்துக்காரர்கள் பணிபுரியும் இடத்தில் அது எல்லாருக்கும் உதவாது. கடல் வழக்கப்படி அழைக்கப்படுபவரின் பெயரை இருமுறை, மும்முறை சொல்லித் தொடங்குவதே பொதுவான வழியாக இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவர் அதைத்தான் முதலில் மறக்கிறார்.

விற்றவர்களின் பொறியாளர் வந்து கேட்வேயில் ஒலியைச் சற்றுத் தேக்கி அனுப்பும்படி மாற்றினார். முதல் சொல் ஓரளவு திரும்பியது; ஆனால் ஒருவர் பேசி முடித்த ஒலி மறுபக்கம் தாமதமாக முடிவதால், இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி இரண்டு செய்திகளும் கெடுவது தொடங்கியது. மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம்.

என் செட்டைத் திருப்பிக் கேட்டால் நான் தர மாட்டேன். இருந்தும் நண்பருக்கு என் பதில், கேட்வேயை வாங்காதீர்கள் என்பதுதான். அந்தப் பணத்தில் ஒவ்வொரு தீயணைப்பு வண்டியின் பொறுப்பாளருக்கும் சாதாரணக் கடல்சார் வி.எச்.எஃப். கைசெட் ஒன்று கொடுத்து, அபாய அழைப்புக்குரிய 16ஆம் சேனலைத் தொடாமல், டக்குகளோடு பேச ஒரு பணிச் சேனலை ஒதுக்கிவிடுங்கள். விற்பவர்கள் கேட்வேயை இயக்கிக் காட்ட வந்தால், ஒருவரைக் கப்பலின் சரக்கு அறைக்குள் இறக்கி "ஸ்டாப் வாட்டர்" என்று ஒரே முறை சொல்லச் சொல்லிவிட்டு, நீங்கள் டக்கில் நின்று கேளுங்கள். இரண்டு சொற்களும் முழுதாகக் கேட்டால் எனக்கும் சொல்லுங்கள்; அந்தப் பெட்டியை நானே நேரில் வந்து பார்க்க வேண்டும்.