பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு எட்டுத் துளை அலாய்: டெல்டா சாலைக்குத் தேறுமா?

14 அங்குல அலாய் வீல், 6 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் மையக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரையான தூரம்) 38 மி.மீ. இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரான முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு, பல கார்களுக்கும் சேரும் இந்தப் பொது அலாய் பொருந்தும்; எட்டுப் போல்ட் துளைகளில் இதற்கு நான்கே பயன்படும். ஆனால் வெறுமனே மாட்டினால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறக்கூடும். வீலின் நடுத்துளை 73.1 மி.மீ., அது உட்காரும் காரின் ஹப் (அச்சு முனை) 54.1. இடைவெளியை அடைக்க நான்கு ஹப் ரிங் வேண்டும். அலுமினிய ரிங் நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் பூத்து ஹப்போடு இறுகிவிடும்; அப்புறம் சுத்தியல்தான். ரேஸ் ஓட்டாதவர்களுக்குப் பிளாஸ்டிக் ரிங்கே மேல்.

பழைய மாருதி ஸ்விஃப்ட் வீலுக்கும் எம்எக்ஸ்-5 போலவே நான்கு போல்ட், அவை அமையும் 100 மி.மீ. வட்டம், 54.1 நடுத்துளை. வீலை வாங்கலாம், நட்டை வாங்காதீர்கள். மாருதி நட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., மாஸ்டாவுக்கு 1.5; மாறிய நட்டை ஏர் கன்னில் அடித்தால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) போச்சு. கையால் முடுக்கி, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டர் வையுங்கள். தஞ்சையிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பியதும் முடுக்கத்தை மறுபடி பாருங்கள்.

15 அங்குலம் அழகுதான். 195/50 டயர் போட்டால் மொத்த விட்டம் 576 மி.மீ.; கம்பெனி 185/60 ஆர்14க்கு 578. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், வேக மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 13 மி.மீ. குறையும், பள்ளத்தில் ரிம் வளையும். எங்கள் ஓட்டு 14க்கே.

அறுவடைக் காலத்தில் டிராக்டர் உதிர்க்கும் வயல் சேறு இந்த அலாயின் உட்புறக் குழிவில் அப்பிக் காயும். அதுவும் உதறலைத் தரும். பேலன்சிங்குக்குக் காசு கொடுக்குமுன் உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.